வேங்கை மேடை

பழனி மலைத்தொடரின் வடசரிவில், கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியின் கீழ்ப்புறத்தே, பள்ளத்தாக்கெங்கும் வெண்பனி பொங்கி நிற்க, அதன்மேல் தைத் திங்களின் இளங்கதிர் மெல்லப் படர்ந்து பொன்னிறம் பூசிக்கொண்டிருந்த விடியற்பொழுது அது. பூண்டுப் பாத்திகள் படிப்படியாய் இறங்கும் அச்சரிவின் விளிம்பில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதன் பின்புறத்துத் தோட்டத்தில், கையில் முழக்கோலும் சணற்கயிறும் ஏந்தி, நான்கு மூலையிலும் முளையடித்து நிலத்தை அளந்துகொண்டு தனியே நின்றார் யோகராஜ் என்னும் அறுபத்திரண்டு அகவையினர்.

நகரப் பூங்காவில் முப்பது ஆண்டுகள் செடியும் மரமும் பேணி ஓய்வு பெற்ற அவருக்கு உற்றாரென்று இருந்தவள் இல்லாள் வீரம்மாள் ஒருத்தியே. அவளோ மூச்சிரைப்பு நோயால் நலிந்து, இம்மலைக்குளிர் ஆகாதென மருத்துவர் உரைத்தமையால், ஏழாண்டுகளுக்கு முன் அடிவாரத்துப் பழனியிலுள்ள தங்கை வீட்டிற்கு இறங்கிப் போனாள். உடன்வருமாறு அவள் அழைத்தபோது யோகராஜ் அசைந்தாரில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒன்பதாம் அகவையில் பெற்றோரொடு கப்பலேறிப் பெயர்த்தனுப்பப்பட்டவர் அவர். இனியொருமுறை இருந்த இடம் விட்டுப் பெயரேன் என்று அன்றே நெஞ்சில் எழுதிக்கொண்டவர். ஆகவே அவள் கீழேயும் அவர் மேலேயுமாக ஆண்டுகள் கழிந்தன. மாலைதோறும் தொலைபேசியில் உண்டதும் உறங்கியதும் கேட்டுக்கொள்வதோடு பேச்சு ஓயும். அவள் விட்டுச்சென்ற கம்பளிக் குல்லாயைத் திங்கள்தோறும் வெயிலில் உலர்த்தி, பூச்சி அரிக்காதவாறு மடித்து வைப்பது அவர் வழக்கம். அப்பேச்சு நீங்கலாக, சில நாள்களில் அவர் குரலை அவர் வளர்த்த செடிகளன்றிப் பிறர் கேட்டதில்லை.

பொங்கல் நாளன்று தொலைபேசியில் வீரம்மாள் சொன்ன சொல்லொன்று அவரைத் தைத்தது. “அங்கத்த வெயிலு மாதிரி எங்கயும் இல்லங்க. ஆனா அந்த ஈரத் தரையில காலு வச்சாலே சில்லுன்னு ஏறி நெஞ்ச அடைச்சுருதே.”

அன்றிரவு முழுதும் அச்சொல்லையே எண்ணிக் கிடந்தவர், ஈரநிலத்தைத் தொடாது உயர்ந்து நிற்பதோர் மரமேடையைத் தோட்டத்தில் அமைத்தால் அவள் வந்து அமர்வாள், அமர்ந்தவள் தங்குவாள் என்று துணிந்தார். நிலத்தை அளந்து முடித்த அன்றே, பெருமாள்மலையில் மரக்கடை நடத்தும் தமீம் அன்சாரியைத் தேடிச் சென்றார்.

“வாங்கண்ணே, தைலமரம் நெறைய கெடக்கு. தோட்டத்துல போட இது போதுமே” என்றார் அன்சாரி.

“வருசம் பூரா மழையில நிக்கணும் பாய். இது முறுக்கிக்கிரும்.”

கடைக்காரர் தேக்குப் பலகைகளைக் காட்டினார். நெய் பூசினாற்போல் மினுங்கிய அவற்றின் முகப்பில் மயங்காது, அறுத்த முனையை வெளிச்சத்திற்குத் திருப்பி, நடுவே கருத்து இறுகிய வைரம் எத்துணை, அதனைச் சூழ்ந்து வெளுத்த வெளிறு எத்துணை என்று நெடும்பொழுது நோக்கிய யோகராஜ், “பாதிக்குப் பாதி வெளிறா இருக்கே பாய். வெளிற மொதல்ல கரையான் தின்னும், அப்பறம் ஈரம் தின்னும்” என்று தலையசைத்தார்.

அன்சாரி சிறிது நகைத்து, வந்தவர் மரமறிந்தவர் என்பதுணர்ந்து, கடையின் பின்கட்டிற்கு அழைத்துச் சென்றார். பெரும்பாறைப் பக்கம் பழைய காப்பிக் கிடங்கொன்றைப் பிரித்தபோது வந்த வேங்கை உத்திரங்கள் ஆங்கே அடுக்கிக் கிடந்தன. அறுபதாண்டுகள் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் உலர்ந்து, இனி வளைவதற்கோ வெடிப்பதற்கோ ஏதுமின்றி இறுகியவை. அன்சாரி ஒரு சீவலைச் செதுக்கிக் கண்ணாடிக் குவளை நீரிலிட்டார். சற்றைக்கெல்லாம் அந்நீரில், வெயில் பட்ட பக்கத்தே, மயிற்கழுத்தின் நீலம் மெல்லெனப் படர்ந்தது.

“பாத்தீங்களா, அசல் வேங்கை. நம்ம காலத்துக்கு அப்பறமும் நிக்கும். யாருக்குண்ணே இம்புட்டு நல்ல மரம்?”

“வீட்டுக்காரி வரப்போறா.”

வீரம்மாளிடம் இதுபற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஆயினும் அதனைப் பிறரிடம் வாய்விட்டு உரைத்தபோது, அவள் வரவு உறுதியாகிவிட்டதுபோல் அவர் நெஞ்சு நிறைந்தது.

உத்திரங்கள் பலகையாய் அறுபட்டு வந்தபின், தச்சர் வேலுமணியும் அவருமாக ஒரு திங்கள் உழைத்தனர். தூணின் அடி மண்ணைத் தீண்டாதவாறு ஒவ்வொன்றின் கீழும் கல்லிட்டனர். மழைநீர் தேங்காது வடியும்பொருட்டுப் பலகைக்கும் பலகைக்கும் நூலிடை விட்டனர். இரும்பாணி துருவேறி மரத்தைக் கறுக்கச்செய்யுமென்று பித்தளைத் திருகாணி பூட்டினர். வெறுங்காலில் நடப்பவள் அடியிற் சிலாம்பு தைக்கலாகாதென எண்ணி, பலகை ஒவ்வொன்றையும் யோகராஜ் தம் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினார்.

“ஒத்த ஆளு உக்கார எதுக்குண்ணே இத்தாம்பெரிசு?” என்று வேலுமணி கேட்டபோது, “ரெண்டு பேரு” என்று மட்டும் சொல்லிக் குனிந்துகொண்டார்.

பங்குனியில், அவர் வற்புறுத்தி அழைக்க, வீரம்மாள் வந்தாள். நண்பகல் வெயிலில் மேடையைக் கண்டவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பலகையைக் குனிந்து தடவினாள்.

“நீங்களா செஞ்சீங்க?”

“வேலுமணியும் நானும்.”

மேடையை ஒட்டிய வீட்டின் பின்சுவரில் சாய்ந்து கால் நீட்டி அவள் அமர்ந்தாள். அவர் சோறு கொணர, இருவரும் அங்கேயே உண்டனர். தங்கை மகளின் திருமணப் பேச்சு முதல் பழனிச் சந்தையின் காய் விலை வரை அவள் சொல்லச்சொல்ல, ஏழாண்டாய் வறண்டு கிடந்த ஓடையில் நீர் வந்தாற்போல் அவ்வீடு பேச்சொலியால் நிறைந்தது. மூன்று நாழிகை அவ்வாறு சென்றது.

பின்னர்ப் பள்ளத்தாக்கினின்று மூடுபனி எழுந்தது. மேடையின் தூண்களைச் சூழ்ந்து, பலகை இடைவெளிகளினூடே நுழைந்து, அவள் மடிவரை அது ஏறிற்று. வீரம்மாள் இருமினாள், இருமல் இரைப்பாயிற்று, மார்பு கொல்லன் துருத்திபோல் விம்மித் தாழ்ந்தது. அவளை உள்ளே தாங்கிச் சென்று, கதவடைத்து, குல்லாய் அணிவித்து, மருந்துக்குழலை அவள் வாயில் வைத்து யோகராஜ் அருகே அமர்ந்திருந்தார். நெடும்பொழுதின்பின் அவள் பேசினாள்.

“மரம் நல்ல மரம். ஆனா குளிரு தரையில மட்டுமா இருக்கு? காத்துல இருக்குங்க.”

அவர் குல்லாயை அவள் காதுவரை இழுத்துவிட்டார்.

“ஏழு வருசமா நான் கேட்டது ஒன்னுதான். கூட வாங்கன்னு கேட்டேன். என்னைய இங்க வரவைக்க இம்புட்டு பாடுபட்டிருக்கீங்களே, அதுல கால்வாசி போதாதா, பஸ் ஏறி வந்து எறங்க?”

சினமின்றி அவள் கேட்டமையால் அது அவரை முற்றும் உடைத்தது. தலைகுனிந்தவாறே சொன்னார்: “பயமா இருக்கு வீரம்மா. தோட்டத்து லய வீட்ட விட்டு வந்தப்ப, தலைமன்னாருல கப்பல் ஏறுனதுலருந்து ராமேஸ்வரத்துல எறங்குற வரைக்கும் எங்கம்மா ஒரு வார்த்த பேசல. அந்த மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது.”

“இத எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதே இல்லயே” என்ற வீரம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். மறுநாட்காலை முதற்பேருந்தில் அவள் இறங்கிப் போனாள். உடன்வருமாறு மீண்டும் அழைக்கவில்லை.

அதன்பின் பதினெட்டு நாள் யோகராஜ் அம்மேடையில் தனியே அமர்ந்திருந்தார். அவள் சாய்ந்த இடத்தே பலகை வெறுமையாய்க் கிடந்தது. இருவர்க்கென்று கட்டிய பரப்பில் ஒருவராய் இருத்தலின் கொடுமையை அவர் அப்போதுதான் முழுதாய் அறிந்தார். சித்திரை பிறந்த மூன்றாம் நாள், வீட்டின் திறவுகோலை வேலுமணியிடம் ஒப்படைத்து, துணிப்பை ஒன்றோடு பழனிப் பேருந்தில் ஏறினார். கதவைத் திறந்தவள் வீரம்மாள். பையை வாங்கி உள்ளே வைத்து, குடிக்கத் தண்ணீர் கொணர்ந்தாள்.

கற்றறிந்தோரே, தனிமை அவரை முற்றும் நீங்கிற்றென்று சொன்னால் அது பொய்யுரையாகும். அவ்வூரின் வெம்மை அவருக்குப் பழகவில்லை. தெருவில் அவரை அறிந்து நலம் கேட்பாரில்லை. கை வைத்து வளர்க்க ஒரு பிடி மண்ணும் அவ்வீட்டில் இல்லை. மலையிலோ அவ்வேங்கை மேடை இரு மழைப்பருவம் கண்டும் வளையாது, வெடியாது, அமர்வாரின்றி நிற்கின்றது. வைரத்தையும் வெளிறையும் ஒரு நோக்கில் பிரித்தறிந்த அவர்க்கு, தாம் இருக்கவேண்டிய இடத்தை அறிய ஏழாண்டு ஆயிற்று. உச்சிவெயில் கனலும் பிற்பகலில் வீரம்மாள் கண்ணயர்ந்திருக்க, அவர் சுவரோரம் சாய்ந்து உறக்கமின்றி அமர்ந்திருப்பார். இரைப்பும் தடையுமின்றி அவள் மூச்சு சென்று மீள்வதைக் கேட்டவாறே மாலைவரை இருப்பார்.