எழுதும் கை

ரெட்டா சோர்லி முரட்டுக் குதிரையின் மேலிருந்து இடது கையால் காற்றில் எழுதிய வரிகள் தூசியில் அப்படியே நின்றன; காற்று அடித்த பிறகுதான் ஊருக்குள் போய் இறங்கின. அமெரிக்காவில், வையோமிங்கின் சேஜ் ஃபோர்க் வட்டாரத்தில் அது வைக்கோல் விலை ஏறிய கோடை. கொடியில் உலர்ந்த போர்வையை எடுக்கப் போன ஊர்க்காரி ஐடா புருன், அதில் ஒரு வாக்கியம் படிந்திருப்பதைப் பார்த்தாள். ‘அவள் வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், பனியில் வேலிதான் வழி’ என்று இருந்தது. ஐடா போர்வையை உதறாமல் மடித்து வைத்தாள்.

ரெட்டாவுக்குக் கதை எழுத வேண்டும் என்று ஆசை. ஆசை மாட்டுக்குத் தீவனம் போடுமா? பொழுது விடிந்தால் கன்று ஈனும் பசு, அறுந்த முள்கம்பி, உறைந்து கிடக்கும் தண்ணீர்த்தொட்டி என்று தலைக்கு மேல் வேலை. எல்லாம் முடித்து மேசைமுன் உட்கார்ந்தால் சொல் வராது, தூக்கம்தான் வரும். துள்ளி உதறும் குதிரையின் முதுகில் மட்டும் அவளுக்குச் சொற்கள் தாமாக வந்தன. அதனால் மற்றப் பெண்கள் பீப்பாய்களைச் சுற்றி ஓட்டும் பந்தயத்துக்குப் போக, இவள் ஆண்களோடு வரிசையில் நின்று முரட்டுக் குதிரை ஏறினாள். அந்தப் பந்தயத்தில் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கை கயிற்றைப் பிடிக்கலாம். மற்றக் கை குதிரையையோ, சேணத்தையோ, தன் உடம்பையோ தொட்டால் ஆட்டம் போச்சு. எல்லோரும் அந்தக் கையைச் சும்மா வீசிக்கொண்டிருக்க, ரெட்டா அதற்கு ஒரு வேலை கொடுத்தாள். நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். தொடக்கூடாது என்று இருந்ததே தவிர எழுதக்கூடாது என்று எங்கும் இல்லை.

பனிப்புயலில் வீடு நோக்கி நடக்கும் ஒருத்தியின் கதை அது. யாரந்த ஒருத்தி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ரெட்டாவின் அம்மா வில்லா, மகளுக்கு ஆறு வயதானபோது, காணாமல்போன கன்றுகளைத் தேடிப் பனியில் போனவள். கன்றுகள் திரும்பி வந்தன, அவள் வரவில்லை. பதினாறு வருடம் ஆயிற்று. இப்போது சட்டைகளிலும், லாரிக் கண்ணாடிகளிலும், சுட்டு ஆறவைத்த ஆப்பிள் பலகாரத்தின் மேலும் அவள் துண்டுதுண்டாக வந்து இறங்கினாள். தீவனக் கடையில் மக்கள் கூடி எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று சேர்த்துப் பார்த்தார்கள். ஜூலையில் ஒரு குதிரை ரெட்டாவைப் பாதியிலேயே தூக்கி எறிந்தது. கதையில் அந்தப் பெண் அப்போதுதான் உறைந்த ஓடையில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்த வாரம் வட்டாரத்தில் ஒருவருக்கும் சரியான தூக்கமில்லை.

“காலை வெளிய எடுத்துட்டாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுடி,” என்று ஐடா கேட்டாள்.

“எனக்கே தெரியாது ஐடா அத்தை. ஞாயித்துக்கிழமை குதிரை ஏறினாத்தான் தெரியும்.”

அந்த வரிகளைப் படிக்காதவர் ஒருவர்தான், அவள் அப்பா டெல்பர்ட். லாரிக் கண்ணாடியில் மனைவி நடந்துவருவதை ஏறெடுத்தும் பார்க்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். களத்தில் அவருக்கு வேறு வேலை இருந்தது. எட்டு விநாடி முடிந்து விசில் ஊதியதும் தன் குதிரையைப் பக்கத்தில் ஓட்டிப் போய், முரட்டுக் குதிரையில் இருப்பவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிவருவது அவர் தொழில். மகளையும் அப்படித்தான் தூக்கிவந்தார். கதையைப் பற்றி ஒரே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தார்.

“செத்தவளை எதுக்கும்மா இப்படிக் குளிர்ல நடக்க விடறே?”

“நடந்தாத்தானேப்பா வீட்டுக்கு வர முடியும்?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். ரெட்டா அன்று அழுதாள்.

செப்டம்பரில் கடைசிப் பந்தயம். ரெட்டாவின் தோளெலும்பு இரண்டு முறை உடைந்திருந்தது. இதற்கு மேல் குதிரை ஏறினால் கை விளங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று முடிக்காவிட்டால் அம்மா என்றைக்கும் பனியிலேயே நிற்க வேண்டியதுதான். அவளுக்கு வாய்த்ததோ பாதிரி என்ற கறுப்புக் குதிரை. அதன் மேல் எட்டு விநாடி இருந்தவர்கள் குறைவு. களத்தின் அடைப்புக் கதவு திறந்தது, குதிரை வானத்துக்குப் போய்த் தரைக்கு வந்தது, ரெட்டாவின் கை எழுதியது. கதையில் அந்தப் பெண் வேலியின் முடிவுக்கு வந்தாள், முற்றத்தைக் கடந்தாள், படியேறினாள். அங்கே விசில் ஊதிவிட்டது.

டெல்பர்ட் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். நீட்டிய கைக்கு முன்னால் வரி தொங்கிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் படித்தார். படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

“எழுதும்மா,” என்றார். “நான் கூடவே வர்றேன்.”

விசிலுக்குப் பிறகு செய்வதற்கு மதிப்பெண் கிடையாது. துள்ளும் குதிரையும் துணைக் குதிரையும் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. பார்க்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கதையில் வீட்டுக் கதவின் கைப்பிடி திரும்பியதும் ரெட்டாவின் கை தானாகத் தாழ்ந்தது. டெல்பர்ட் அவளைத் தூக்கிக்கொண்டார். எட்டு விநாடிக்குரிய மதிப்பெண்ணில் அவளுக்கு மூன்றாம் இடம்.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியபோது அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. வில்லா வாசற்படியில் நின்று பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். போனபோது இருந்த அதே வயது, மகளைவிடச் சற்றே மூத்தவள்.

“இது யாரு கோட்டு டெல்பர்ட்? என்னோடது பழுப்புல்ல?”

அது சிவப்புக் கோட்டு. ஆறு வயதில் பார்த்த நிறம் மறந்துபோனதால் ரெட்டா தானாக ஒரு நிறத்தைப் போட்டு எழுதியிருந்தாள். தப்புச் செய்த பிள்ளைபோல அவள் அப்பாவைப் பார்த்தாள். டெல்பர்ட் அந்தக் கோட்டின் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

“நல்லாத்தான் இருக்கு வில்லா,” என்றார். “கழட்டாதே.”

அந்தக் குளிர்காலத்தில் பனி அதிகம். கன்றுகள் வழக்கம்போலத் தொலைந்தன, வில்லாவும் வழக்கம்போலத் தேடிப் போனாள். எவ்வளவு தூரம் போனாலும், சமையலறை ஜன்னலிலிருந்து அந்தச் சிவப்பு தெரிந்துகொண்டே இருந்தது.