வித்தியாசமா இருக்கு

பக்கத்து வீட்டு ரொண்டா தன் பேஸ்மென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு குளியலறை வரைந்து வைத்திருந்தாள். கழிவறை ஒரு வட்டம், கைகழுவும் தொட்டி ஒரு பாதி வட்டம், மூலையில் பெரிய சதுரமாக ஷவர். சதுரத்தின் நடுவில் தண்ணீர் போகும் துளை. துளையிலிருந்து சுவர் வரைக்கும் குழாய்க்கு ஒரு நீளக் கோடு.

"பாருங்க ஓர்லின், திட்டே கிடையாது. தரையோட தரையா வாட்டம் மட்டும். அவர் சக்கர நாற்காலியோட நேரா உள்ள போயிடலாம். எப்படி இருக்கு?"

நாற்பத்தொரு வருஷம் பிளம்பராக இருந்தவன் நான். அவள் போட்ட வாட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு அடிக்குக் கால் அங்குலம், ரசமட்டம் வைத்து அளந்து எழுதியிருந்தாள். நாற்றம் மேலே வராமல் தடுக்கும் டிராப் சரி, காற்றுக்குழாய் சரி. ஒன்றுதான் இல்லை. தெருச் சாக்கடை பொங்கினால் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. எங்கள் தெரு மேன்ஹோல் மூடியைவிட அந்தத் தரை இரண்டு அடி தாழ்வு. இது வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அந்தத் தெருவில் குழாய் புதைத்தவனே நான்தான்.

நான் சாக்பீஸ் கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். தாடையைத் தடவினேன். பிறகு சொன்னேன்:

"ம்... வித்தியாசமா இருக்கு."

எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த எவனும் இதைக் கேட்டால் சாக்பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எங்க தப்பு?" என்று கேட்டிருப்பான். என் மைத்துனி ஒரு கிறிஸ்துமஸுக்கு மீனையும் பச்சை ஜெல்லியையும் சேர்த்து ஒன்று செய்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "வித்தியாசமா இருக்கு" என்றேன். முப்பது வருஷமாயிற்று, மறுபடி செய்யவில்லை. அடுத்தவர் வேலையை நாங்கள் நேருக்கு நேர் குறை சொல்ல மாட்டோம். கேட்டால் சொல்வோம். அதுவும் இரண்டு தடவை கேட்டால்.

ஆனால் ரொண்டா தெற்கே லூசியானாக்காரி. அவள் ஊரில் ஒரு அடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடுமாம், எந்த வீட்டுக்கும் பேஸ்மென்டே கிடையாதாம். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நெஜமாவா! நாப்பது வருஷ பிளம்பர் வாயால இதைக் கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்" என்று என் தோளைக் கட்டிக்கொண்டாள். என் மனைவி செத்த பிறகு என்னை யாரும் கட்டிக்கொண்டதில்லை. நான் வெட்கம் கெட்டவன் மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் புருஷன் கர்டிஸுக்காகத்தான் இத்தனையும். போன அறுவடையில் தானியக் குதிரின் ஏணியிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வீடு மேட்டில் இருக்கிறது, முன்பக்கம் பதினொரு படி. பின்பக்கம் மட்டும் பேஸ்மென்ட் கதவு தரைமட்டத்தில் திறக்கும். அதனால் கட்டிலைக் கீழே போட்டார்கள். குளியலறை மேலே. ஒன்பது மாதமாக ரொண்டா அவனுக்கு வாளியும் ஈரத்துணியுமாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்னிடம் சொன்னான்: "பெரியவரே, எனக்கு நடக்கக்கூட வேண்டாம். யாரும் பாக்காம ஒரே ஒரு தடவை நானா குளிக்கணும்."

திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அவள் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் தரையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பொம்பளை, முகமெல்லாம் சிமென்ட் தூசி. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை குழாய் பதித்தாள். நகராட்சி ஆள் வந்து தண்ணீர் கட்டிப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை, கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காங்கிரீட் ஊற்றிவிட்டாள். காங்கிரீட் ஊற்றிய பிறகு சொல்வது அதைவிட மரியாதைக் கேடு. இப்படித்தான் ஒரு கோழை தன்னை நல்ல மனுஷன் என்று நம்பிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறான்.

முதல் நாள் கர்டிஸ் முக்கால் மணி நேரம் குளித்தான். என் வீட்டுத் தோட்டம் வரைக்கும் அவன் பாட்டுச் சத்தம். ரொண்டா கதவுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வெந்நீர் டேங்க் காலி!" என்று சிரித்தாள்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை பகலில் மழை அடித்தது. ஒரு மணி நேரத்தில் நாலு அங்குலம். ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். தெரு மேன்ஹோல் மூடி, கொதிக்கிற பானையின் மூடி மாதிரி, துள்ளியது. காபியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ரொண்டா வேலைக்குப் போயிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். எழுபத்தொரு வயதில் எப்படி ஓடினேனோ, புல்லில் இரண்டு தடவை விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தேன்.

கர்டிஸ் ஷவர் தரையில் குப்புறக் கிடந்தான். நாற்காலியிலிருந்து தானே சரிந்து இறங்கியிருக்கிறான். வீட்டிலிருந்த துண்டையெல்லாம் துளையில் திணித்து, அதன்மேல் நெஞ்சை அழுத்திக்கொண்டு கிடந்தான். அப்படியும் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரா அது? ஊர்க் கழிவு முழுக்க அந்த வெள்ளைத் தரை ஓடுகளின்மேல் மிதந்தது.

"எவ்வளவு நேரமாடா இப்படி?"

"மழை ஆரம்பிச்சதிலேர்ந்து." பல் கிடுகிடுத்தது. "அவ ராத்திரியும் பகலும் உக்காந்து ஒட்டின ஓடு, பெரியவரே. விட மனசு வரல." பிறகு அந்த நிலையிலும் சிரித்தான். "வால்வு இல்லல்ல... அதான் நானே வால்வாயிட்டேன்."

தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவு வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டுத் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டேன். அவனுக்கு இடுப்பில் ஒரு படுக்கைப் புண் இருந்தது, உள்ளங்கை அளவு. எப்போதும் உணர்ச்சி இல்லாத இடம். அன்றைக்கும் அவனுக்கு வலிக்கவில்லை. அந்த வழியாகத்தான் விஷம் இரத்தத்தில் ஏறியது. பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். நாற்பத்தாறு வயது.

அடக்கம் முடிந்து சர்ச் பேஸ்மென்டில் சாப்பாடு. பன்னுக்குள் பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, தண்ணீர் காபி. ஆள் ஆளுக்கு ரொண்டாவின் கையைத் தொட்டு, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்தார்கள். சாக்கடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஓர்லின், அங்க ஒரு அம்மா என் டிரெஸ்ஸப் பாத்து 'வித்தியாசமா இருக்கு'ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க." குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் காபியைப் பார்த்தேன்.

"காபியில ஒண்ணும் எழுதியில்ல. என்னப் பாத்து சொல்லுங்க."

இரண்டாவது தடவை கேட்டுவிட்டாள்.

"நல்லால்லன்னு அர்த்தம்" என்றேன். "தப்புன்னு அர்த்தம். வால்வு வைக்கலம்மா நீ. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க ஊர்ல தப்புக்குத் தப்புன்னுதான் பேரு" என்றாள். பன்னைப் பிய்த்தாள், தின்னவில்லை. வெகுநேரம் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் விரல்கள் நின்றன.

"நீங்க சொன்னத அன்னிக்கே கர்டிஸ்கிட்டப் போய்ச் சொன்னேன். பிளம்பரே 'வித்தியாசமா இருக்கு'ன்னு பாராட்டிட்டாருன்னு. அவர் ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் சிரிச்சு, என் கையப் பிடிச்சு முத்தம் குடுத்தார். சந்தோஷத்துலன்னு நெனச்சேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் இந்த ஊர்ல பொறந்தவர். அப்போ அவருக்கும் தெரியும்தானே?"

எங்கள் ஊர் மொத்தமும் என் காதுக்குள் பேசியது. வானிலையைப் பற்றிப் பேசு, காபி வேண்டுமா என்று கேள், எழுந்து போய்விடு என்றது.

"ஆமா" என்றேன்.