பிளாக்கில் விரிசல் உண்டா

லாரி வினிதாவின் பெயரில் இருந்தது. அதனால்தான் புதன்கிழமை காலை அவள் ஹனூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து மைசூருக்கு வர வேண்டியதாயிற்று. எஞ்சினையே மாற்றுவதென்றால் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரையும் மாற்ற வேண்டும். அந்தத் தாளில் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஆதாரும் ஆர்.சி.யும் எடுத்துட்டு வந்துரு. கையெழுத்துப் போட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிரலாம்" என்று கணவன் சிவகுமார் போனில் சொல்லியிருந்தான்.

லாரி நின்றுபோனது ஞாயிற்றுக்கிழமை. ஓட்டியவன் வினிதாவின் தம்பி கவின்ராஜ். மக்காச்சோள மூட்டைகளோடு மைசூர் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தான். நரசிபுரம் தாண்டியதும் எஞ்சின் இரும்பை அரைப்பதுபோலச் சத்தம் போட்டு, ஒரு குலுங்கு குலுங்கி, நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினால் அசையவில்லை. மூட்டைகளை வேறு லாரியில் மாற்றி அனுப்பிவிட்டு, இதைக் கட்டி இழுத்து வந்து மைசூரின் பன்னிமண்டபம் பகுதியில் மாணிக்கவாசகத்தின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள்.

அன்றைக்கே மாமனுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்றுவிட்டது. சூடு காட்டும் முள் மேலே ஏறியதைப் பார்க்காமல் கவின்ராஜ் ஓட்டியிருக்கிறான் என்பது சிவகுமாரின் கட்சி. முள் ஏறவே இல்லை என்று கவின்ராஜ் சாதித்தான். நாலு பேர் முன்னால் சிவகுமார் அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டான். அதையும் கேட்டுக்கொண்டு கவின்ராஜ் ஊருக்குத் திரும்பாமல் லாரி கேபினிலேயே மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தான்.

வினிதாவுக்கு இந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் வேலை போய்த் திரும்பி வந்த தம்பியிடம் வண்டியைக் கொடுக்கச் சொல்லிக் கணவனிடம் மன்றாடியவள் அவள்தான். ஒன்றரை வருஷம் முழுக்க ஒழுங்காகத்தான் ஓட்டினான். ஆனால் பயத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பானோ என்று அவளுக்கே ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம்தான் எஞ்சினைவிட அதிகமாக அவளை அரித்தது.

ஒர்க்‌ஷாப்பில் லாரியின் முன்மூடி திறந்து கிடந்தது. எஞ்சினை இறக்கி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தார்கள். மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியாயிற்று. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் எஞ்சினிலிருந்து வடித்த ஆயில் இருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் இருந்தது.

மாணிக்கவாசகம் ஐம்பத்தைந்து வயதுக்காரர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்கு மைசூர் வந்தவர். இவர் பிறந்ததே இங்கேதான், பேச்சில் கன்னடமும் கலந்து வரும். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தாளும் பேனாவுமாக ஹேமந்த் உட்கார்ந்திருந்தான். பழைய எஞ்சின்களை வாங்கி விற்கும் தரகன். எஞ்சினின் உடல்பாகமான பிளாக் போய்விட்டது, தன்னிடம் ஓடுகிற நிலையில் ஒரு எஞ்சின் இருக்கிறது, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருகிறது என்று அவன் கன்னடத்தில் சொன்னான். வினிதா கேட்டுக்கொண்டாள். தாளைக் கையில் வாங்கவில்லை.

"ஏனுங்கண்ணா, பிளாக் போயிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று மாணிக்கவாசகத்தைக் கேட்டாள்.

அவர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தார். "போயிருச்சுன்னு நான் சொல்லலைம்மா. போயிருக்கலாம்னு சொன்னேன். ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, நோடி, பாருங்க. அது பிளாக் விரிசல் விட்டும் ஆகலாம், ஹெட்ல ஆகலாம், வேற வழியிலயும் ஆகலாம். பிளாக் போயிருந்தா வேற எஞ்சின்தான், பேச்சே இல்ல. இல்லேன்னா இதையே எழுப்பிடலாம். டெஸ்ட் பண்ணாதான் தெரியும். உங்க வீட்டுக்காரர் அதுக்கெல்லாம் டைம் இல்லேங்கறார்."

"திங்கக்கிழமை மஞ்சள் லோடு ஏத்தணும்" என்றான் சிவகுமார். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மஞ்சள் மண்டி சென்னப்பன்கிட்ட வர்றேன்னு ஒத்துக்கிட்டாச்சு. இதைப் பிரிச்சு, டெஸ்ட் பண்ணி, அப்புறமும் பிளாக் போச்சுன்னா? அந்த எஞ்சினும் கைவிட்டுப் போயிரும். போடு வினிதா, போதும்."

"அந்த எஞ்சினை நீங்க ஓட விட்டுப் பாத்தீங்களா?"

"நல்லா ஓடுதுன்னு கேட்டுக்கிட்டேன்."

"பாக்கலையில்ல."

சிவகுமார் ஹேமந்தைத் திரும்பிப் பார்த்தான்.

"டெஸ்ட் பண்ணாம நான் கையெழுத்துப் போடலீங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். பதினாறு வருஷக் குடித்தனத்தில் வெளியாள் முன்னால் கணவன் பேச்சை அவள் மறுத்தது இதுவே முதல் தடவை.

மாணிக்கவாசகம் சிவகுமாரைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் விரித்தான், உங்கள் இஷ்டம் என்பதுபோல. அவர் உடனே வேலையை ஆரம்பித்தார். கேபினிலிருந்து கவின்ராஜையும் கூப்பிட்டார்.

அக்காவைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை.

"நீதானே ஓட்டினது? ரேடியேட்டர்ல எத்தனை நாளா தண்ணி கொறையுது?" என்று மாணிக்கவாசகம் கேட்டார்.

"பத்து நாளா இருக்குமுங்க. காலைல பாத்தா ரெண்டு லிட்டர், மூணு லிட்டர் கொறஞ்சிருக்கும். ஊத்திக்குவேன்."

"கீழ ஒழுக்கு இருந்துதா?"

"ஒரு சொட்டு இல்லீங்க."

"பத்து நாளா யார்கிட்டயும் சொல்லலையா?"

கவின்ராஜின் பார்வை ஒரு கணம் சிவகுமார் பக்கம் போய்த் திரும்பியது. வினிதா அதைக் கவனித்தாள்.

"எங்கிட்டச் சொன்னான்" என்றான் சிவகுமார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு தடவை சொன்னான். லோடு இருக்குது, ஊத்திக்கிட்டு ஓட்டு, அப்புறம் பாக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டேன்."

வினிதாவுக்குக் கோபம் வரவில்லை. மூன்று நாளாகக் கணவன் தம்பி மேல் அப்படி எரிந்து விழுந்தது எதனால் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"சரி, அந்த முள்?" என்று கேட்டாள். "சூடு ஏறுனா முள் ஏறணும்தானுங்களே?"

"தண்ணி இருந்தா ஏறும்மா. தண்ணி பூரா போயிட்டா ஏறாது. சூட்டை அளக்கற சாமான் தண்ணிக்குள்ள முங்கியிருக்கணும், இல்லையா? தண்ணி போனப்புறம் அது வெறும் காத்துல நிக்கும். எஞ்சின் வெந்துட்டிருக்கும், முள் சும்மா நடுவிலயே நிக்கும். இவன் சொல்றது நெஜம்தான். எத்தனையோ வண்டியில பாத்திருக்கேன்."

வினிதா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தாள். எஞ்சின் பிழைத்ததா இல்லையா என்பதே இன்னும் தெரியவில்லை. ஆனாலும் தம்பி பொய் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கழற்றிப் பிளாக்கைத் தனியாக எடுக்க மதியம் தாண்டிவிட்டது. நாலு மணிக்கு அதை ஒரு மினி டெம்போவில் ஏற்றி அடுத்த தெருவிலிருந்த கெம்பையனின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கெம்பையன் ஹனூர்ப் பக்கத்து ஆள்தான். பிளாக்கின் துவாரங்களை ரப்பரும் இரும்புப் பலகையும் வைத்து முடுக்கி அடைத்தார். ஒரு துவாரத்தில் மட்டும் காற்றுக் குழாயை மாட்டினார். பிறகு சங்கிலியில் கட்டித் தூக்கி, ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கினார்.

"உள்ள காத்தை அடிப்போமுங்க. விரிசல் இருந்தா அந்த எடத்துல குமிழி வரும். அவ்வளவுதான்."

காற்று ஏறியது. வினிதாவும் சிவகுமாரும் கவின்ராஜும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஹேமந்தும் வந்திருந்தான். தண்ணீர் தெளிந்து நின்ற உடனே இடது ஓரத்திலிருந்து பொலபொலவென்று குமிழி கிளம்பியது.

சிவகுமார் நிமிர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "நான்தான் சொன்னேனில்ல" என்றான். அதில் ஜெயித்த தொனி கொஞ்சமும் இல்லை. ஹேமந்த் தாளைப் பையிலிருந்து உருவினான்.

"இருங்க இருங்க" என்றார் கெம்பையன். நீளமான ஸ்பேனரைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினார். இன்னும் கால் சுற்று. குமிழி மெலிந்து, ஒன்றிரண்டாகி, நின்றுபோனது. "ரப்பர் சரியா உக்காரலீங்க. பிளாக்கு இல்ல அது."

பிறகு இருபது நிமிஷம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்றை இன்னும் கூட்டினார்கள். சங்கிலியை இழுத்துப் பிளாக்கைப் புரட்டிப் போட்டார்கள். தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி கிடந்தது.

"பிளாக் சுத்தமுங்க" என்றார் கெம்பையன்.

மாணிக்கவாசகம் தலையாட்டிவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த இன்னொரு சாமானை எடுத்தார். அடுக்கடுக்கான தகடுகளால் ஆன ஒரு சின்ன இரும்புப் பெட்டி. எஞ்சினுக்குள் ஆயிலைக் குளிர வைக்கிற ஆயில் கூலர். அதன் தகடுகளுக்கு ஒரு பக்கம் ஆயிலும் மறுபக்கம் தண்ணீரும் ஓடும். வாளித் தண்ணீரில் முக்கிக் காற்றை அடித்ததும் சோடா பாட்டில் திறந்ததுபோல நுரைத்துப் பொங்கியது.

"இதான் திருடன்" என்றார். "இது வழியாத்தான் தண்ணி ஆயிலுக்குள்ள போயிருக்கு. இதைப் புதுசு போடணும். பிஸ்டனும் அது ஓடற லைனரும் புதுசு. கிராங்க் தண்டு ஒரு எடத்துல கீறியிருக்கு, தேய்ச்சு எடுத்தாப் போதும். பத்து நாள் குடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

சிவகுமார் ஹேமந்திடம் போய், எஞ்சின் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னான். ஹேமந்த் முகம் சுளிக்கவில்லை. தாளை நாலாக மடித்துக்கொண்டு, நல்லதாயிற்று என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

லேத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. சிவகுமார் மூன்று பேருக்கும் டீ சொல்லி, உள்ளே தேங்காய் இனிப்பு வைத்த ஒரு தில்பசந்த் ரொட்டியைத் துண்டு போட்டு வாங்கி வந்தான். முதல் துண்டைக் கவின்ராஜிடம் நீட்டினான்.

"பொய்யன்னு சொல்லிட்டேன் மாப்ள. அது தப்பு. எம்மேல இருந்த கோவத்தை உம்மேல எறக்கிட்டேன்."

"உடுங்க மாமா" என்றான் கவின்ராஜ். துண்டை வாங்கி வாயில் திணித்துக்கொண்டான். அடுத்ததற்கும் கையை நீட்டினான். மூன்று நாளாக அவனும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று வினிதாவுக்குத் தோன்றியது. தன் துண்டையும் அவன் பக்கம் தள்ளிவிட்டு, டீயைச் சூடாகவே குடித்தாள். சிவகுமார் சென்னப்பனுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். முதல் இரண்டு லோடு வேறு வண்டிக்குப் போகும், அதற்குப் பிறகு வாருங்கள் என்று அவர் சொன்னார். அது போதுமாக இருந்தது.

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஊர் எல்லை தாண்டும் முன்பே தூங்கிப்போனாள். பஸ் மாறுவதற்காகக் கொள்ளேகாலில் கண்டக்டர் எழுப்ப வேண்டியிருந்தது.

பத்து நாள் என்றது பன்னிரண்டு நாளாயிற்று. வண்டி எடுக்கும் நாளில் வினிதாவும் போனாள். கவின்ராஜ் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்து, புகை கக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. மாணிக்கவாசகம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அப்படியே போனார்கள். கவின்ராஜ் ஓட்ட, சிவகுமார் நடுவில், வினிதா ஓரத்தில். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. கார்கள் முந்தின. நரசிபுரம் தாண்டியதும் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டர்கூடத் தடதடவென்று முந்திக்கொண்டு போனது. "அட, இவனுமா" என்று சிவகுமார் சிரித்தான். கவின்ராஜ் வேகத்தைக் கூட்டவில்லை. வினிதா ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு வயல்களைப் பார்த்தபடி வந்தாள். எப்போது போய்ச் சேருவோம் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.