காடு, கோட்டை, ஒரு டிராகன்

எழிலரசி ஆறு மாதம் உழைத்து ஓர் உலகத்தை உண்டாக்கியிருந்தாள். பகலில் அவளுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், சாம்பிள் பிரிவில், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.

எல்லாம் ஒரு விளையாட்டுக்காக. பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது பழகிக்கொண்டது. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இங்கே போகிறேன், இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும்.

ஆம்பூருக்குத் திரும்பி வந்த பிறகு அவளுக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். அதே கம்பெனியில் எக்ஸ்போர்ட் பிரிவில் இருக்கும் நயீம் அகமது. வேலூர் பாகாயத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நர்ஸ் கிறிஸ்டினா. குடியாத்தத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி ஓட்டும் சூர்யா. நயீமின் அக்கா நடத்தும் டியூஷன் சென்டரின் மாடி அறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாக இருக்கும். அங்கேதான் ஆட்டம். போன வருடம் இணையத்தில் கிடைத்த கதை ஒன்றை ஆடி முடித்தார்கள். கோட்டை, காடு, டிராகன். எழிலரசிக்கு அதை நடத்தும்போதெல்லாம் இரவல் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி கூச்சமாக இருந்தது. அடுத்த கதை நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அவள் உலகத்தில் ஒரு வறண்ட ஆறு இருந்தது. மணலுக்கடியிலிருந்த ஊற்றுகளை ஒரு ராஜா அடைத்து வைத்திருந்தான். ஆற்றங்கரையில் ஏழு குலம், குலத்துக்கு ஒரு தொழில், ஒருவர் தெருவுக்குள் இன்னொருவர் போக முடியாது. கடைசியில் ஏழு குலமும் சேர்ந்தால்தான் ஊற்று திறக்கும். நண்பர்கள் மூவருக்கும் பாத்திரங்களை அவளே எழுதி, பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள்.

முக்கால் மணி நேரம் விளக்கினாள்.

"எழில்க்கா, நான் ஏன் தறிக்காரன்?" என்றான் சூர்யா.

"உனக்குத் தெரிஞ்ச வேலைடா. நூலு, சாயம்னு நீயே பேசலாம். கதை நிஜமா இருக்கும்."

"வாரத்துல ஆறு நாளு அந்தச் சத்தத்துலதான் இருக்கறேன். ஞாயித்துக்கெழமையும் தறியா?"

கிறிஸ்டினா தன் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். முந்தின இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். "மூலிகை வைத்தியச்சி. அமைதியானவள். இரக்கமுள்ளவள்." தாளைக் கீழே வைத்தாள். "ஏன் எழில், நான் கத்தி எடுத்து நாலு பேர வெட்டக் கூடாதா?"

நயீமுக்குத் தோல் வியாபாரிப் பாத்திரம். தாளை இரண்டாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "பழைய மாதிரியே ஆடலாமே. கோட்டை, காடு, டிராகன். எனக்கு அது போதும்" என்றான்.

"அது யாரோ குளிர் தேசத்துல எழுதனது. நம்ம ஊர்ல யாரு கோட்டையப் பாத்தா?"

"வேலூர்ல கோட்டைய தாண்டித்தான் பஸ்ஸு வந்துச்சு" என்றாள் கிறிஸ்டினா.

சூர்யா சிரித்துவிட்டான். எழிலரசி சிரிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் யார் போனையும் எடுக்கவில்லை. ஆறு மாதம் யாருக்காக உட்கார்ந்து எழுதினோம் என்று நினைக்க நினைக்கக் கோபம் தங்கவில்லை.

புதன்கிழமை கேன்டீனில் நயீம் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"நீ குடுத்த தாள முழுசாப் படிச்சேன். நல்லா இருக்குது."

"அப்புறம் இன்னாத்துக்கு மடிச்சி வச்ச?"

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். "கல்யாணத்துக்கு முன்னாடி வேலூர்ல வாடகைக்கு வீடு பாத்துக்கிட்டு இருக்கேன்ல. இதுவரைக்கும் நாலு வீடு. போன்ல நல்லாத்தான் பேசறாங்க. பேர் சொன்னதும் வீட்ட வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டோம்னு சொல்றாங்க. உன் தாள்ல மொத வரி இன்னான்னு பாத்தியா? 'எந்தக் குலம்?'"

"அத உடைக்கிறதுக்குத்தான் அந்தக் கதையே."

"தெரியுது. ஒரு பத்து வாரம் போனா உடையும். அதுவரைக்கும் நான் அந்த ஊர்லயும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

எழிலரசி விடவில்லை. "பழைய கதையிலயும் எல்ஃப் இனமா, குள்ளர் இனமான்னு கேக்கத்தானே செய்யறாங்க?"

"கேக்கட்டும். எல்ஃப்னு சொன்னா காது நீளமா இருக்கும்னு நெனச்சிப்பாங்க. அவ்வளவுதான். யாரும் சாவிய உள்ள வச்சிக்க மாட்டாங்க."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நாலு வீடு பார்த்திருக்கிறான்; தினமும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டும் தான் ஒரு தடவைகூட வீடு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கிராமம். ஒரு சத்திரம். வடக்கே காடு, காட்டுக்குள் இடிந்த கோட்டை, கோட்டையில் டிராகன். எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் அந்த மாதிரி ஊரை எழுதுவது வெறும் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அங்கே யாருடைய தாத்தாவும் யாரையும் துரத்தியிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். கூடவே ஓர் ஆற்றையும் வரைந்தாள், கரை புரள ஓடுகிற ஆறு. பழைய நோட்டைக் கிழிக்கவெல்லாம் இல்லை. பீரோவில் துணிக்கடியில் வைத்தாள். என்றைக்காவது வேறு ஆட்களோடு ஆடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மூவருமே வந்திருந்தார்கள். வரமாட்டார்களோ என்று பயந்திருந்தவள், "உங்களக் கேக்காம எழுதனது என் தப்பு. நீங்களே சொல்லுங்க, யாரா இருக்கப் போறீங்க?" என்றாள்.

சூர்யா பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாத எல்ஃப் இளவரசன் ஆனான். நயீம் பாட்டுப் பாடி ஊர் சுற்றுகிறவன். கிறிஸ்டினா தன் உயரத்துக்கு வாள் வைத்திருக்கிற போர்வீரி. "பேரு அப்புறம் வைக்கறேன். மொதல்ல வாளு" என்றாள்.

சத்திரத்தின் கதவை நயீம்தான் தட்டினான். எழிலரசி சத்திரக்காரியாகக் குரலை மாற்றிக்கொண்டு, "உள்ள வாங்க. மாடியில ரூம் இருக்குது. எத்தினி நாளு வேணும்னாலும் இருங்க" என்றாள். நயீம் பகடையை உருட்டாமல் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு, "வாடகைக்குப் பதிலா பாட்டு பாடறேன்" என்றான்.

கதையில் மறுநாள் காட்டுவழியில் ஒரு விறகுவெட்டி காலில் ரத்தத்தோடு கிடந்தான். அந்த இடம் வந்ததும் எல்லோரும் கிறிஸ்டினாவைத் திரும்பிப் பார்த்தார்கள், பழக்கதோஷம்.

"என் ஆளுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் அவள். "நான் ஆத்துக்குப் போறேன். கால நனைச்சிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

"அந்தாளு கத்தறான்க்கா" என்றான் சூர்யா.

"கத்தட்டும். நீ பாரு."

வேறு வழியில்லாமல் இளவரசன் தன் பட்டுச் சால்வையைக் கிழித்துக் கட்டுப் போட முயன்றான். பகடையில் மூன்று விழுந்தது. கட்டு தப்பான காலில் விழுந்துவிட்டது என்று எழிலரசி அறிவித்தாள். விறகுவெட்டி கும்பிட்டு, "சாமி, ஆள விடுங்க" என்று நொண்டிக்கொண்டே ஓடினான்.

கிறிஸ்டினா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆத்துல தண்ணி சில்லுனு இருக்குதா?" என்று கேட்டாள்.

"சில்லுனு இருக்குது" என்றாள் எழிலரசி. "மீனெல்லாம் வந்து கால் விரலக் கடிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கறேன். டிராகன் எங்க போய்டப் போவுது."

மற்ற இருவரும் சரி என்றார்கள். எழிலரசி அவசரப்படாமல் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.