வலது ஜோப்பு

கத்தியை எலைன் எடுத்து ஒளித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கிளாரன்ஸ் குளித்துக்கொண்டிருந்தபோது. கட்டிலில் அவிழ்த்துப் போட்டிருந்த பேன்ட்டின் வலது ஜோப்பில் கையை விட்டாள். விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. சற்று முன்புதான் ஃப்ரெடி வந்து, டீ குடித்து, அதே கத்தியை வாங்கி ஒரு கமலாப்பழத்தை நறுக்கித் தின்றுவிட்டுப் போயிருந்தார். அலகைத் துடைக்காமலே மடக்கித் தந்திருப்பார். துடைக்க அவளுக்கு நேரமில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள், பழைய ரவிக்கைத் துணி ஒன்றில் சுற்றி முடிச்சிட்டு, தையல் மெஷினின் கீழ் இழுப்பறையில் பாபின்களுக்கு அடியில் வைத்து மூடினாள்.

இரண்டு நாள் தேடுவார், திட்டுவார், பிறகு மறந்துவிடுவார் என்று நினைத்தாள்.

ஜூலையில் கிளாரன்ஸுக்கு நெஞ்சு வலி வந்து பெங்களூரில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. கத்தி, பிளேடு எதையும் தொடாதீர்கள், கீறினால் நிற்காது என்று டாக்டர் சொன்னபோது கிளாரன்ஸ் சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினார். ஆகஸ்டில், ஆடுகிற ஜன்னலுக்கு ஒரு மரத்துண்டைச் சீவுகிறேன் என்று கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். மூன்று துவாலைகள் ரத்தத்தில் நனைந்தன. ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கையை எலைன் தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். இருந்தும் ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்தது. மறுநாள் காலை, கட்டுப்போட்ட விரலோடு அவர் செய்த முதல் வேலை கத்தியைக் கழுவி ஜோப்பில் போட்டுக்கொண்டதுதான்.

அந்தக் கத்தி எலைனுக்கு முன்பே அவரிடம் வந்தது. ஃபேக்டரியில் வேலை நிரந்தரமான வருஷம் மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கினாராம். மான்கொம்புப் பிடி, பெரிதும் சிறிதுமாக இரண்டு அலகுகள். மெஷின் ஷாப்பில் முப்பத்துநாலு வருஷமும், ஓய்வுபெற்ற பின்னும், அது இல்லாமல் அவர் வாசல்படி தாண்டியதில்லை. நகம் வெட்ட, ஒயர் உரிக்க, கவர் பிரிக்க, குருத்து ஞாயிறன்று ஓலைகளைக் கிழித்துச் சிலுவை பின்ன, எல்லாவற்றுக்கும் அதுதான். மகளின் ஞானஸ்நானக் கேக்கைக்கூட அதில்தான் வெட்டினார். அவருடைய பேன்ட்டுகள் எல்லாமே வலது ஜோப்பின் அடியில்தான் முதலில் கிழியும். வருஷத்துக்கு இரண்டு தடவை உள்துணி மாற்றித் தைப்பது எலைனின் வேலை. "உனக்கு மூத்த சக்களத்தி அதுதான் எலைன்" என்று ஃப்ரெடியின் மனைவி வின்னி கிண்டல் செய்வாள்.

ஃப்ரெடிக்கும் அதன்மேல் ஒரு கண் இருந்தது. மறைத்ததில்லை. ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தால் முதலில் கேட்பது டீயை அல்ல. "எட்றா பாக்கலாம்" என்று கையை நீட்டுவார். திறந்து, மூடி, கட்டைவிரலில் கூர் பார்த்து, "செத்துப்போறப்போ எனக்கு எழுதி வெச்சிட்டுப் போடா" என்பார். "நீ முதல்ல போவ, நான் வந்து மண்ணு போடுவேன்" என்பார் கிளாரன்ஸ்.

அதனால் கத்தி காணாமல் போன மூன்றாம் நாள் கிளாரன்ஸின் யோசனை எங்கே போய் நின்றது என்பதில் ஆச்சரியமில்லை. கட்டிலைப் புரட்டினார், பீரோவை நகர்த்தினார், கொல்லையில் வாழைக்கு அடியில் குச்சியால் கிளறினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கை வெறும் ஜோப்புக்குள் கிடக்க, மெதுவாகச் சொன்னார்: "கடைசியா அவன்தான வெச்சிருந்தான். திருப்பிக் குடுத்தானான்னே ஞாபகமில்ல."

எலைன் கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சே, அவரு அப்படிப்பட்டவரா?" என்றாள். அப்போதே மீதியையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்தி திரும்ப ஜோப்புக்குப் போகும், ஆட்டோவில் வழிந்த ரத்தம் திரும்ப வழியும். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றிருந்தார்கள். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வந்த காற்று பெண்களின் முக்காடுகளில் சாம்பல் தூசியை இறைத்துக்கொண்டிருந்தது. ஃப்ரெடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாடா, ஜோப்புல கைய வுட்டு வுட்டு தேடிகினே கீற? கெடைச்சிச்சா இல்லியா?"

"எடுத்தவன் குடுத்தா கெடைக்கும்" என்றார் கிளாரன்ஸ்.

ஃப்ரெடி முதலில் அதற்கும் சிரித்தார். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "யாரச் சொல்ற?"

"கேட்டுகினே இருந்த. நான் சாவுற வரைக்கும் பொறுக்கல உனக்கு."

பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஃப்ரெடி தன் ஜோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். ஜெபமாலை, கர்ச்சீப், பாதி தீர்ந்த பிரஷர் மாத்திரை அட்டை. எல்லாவற்றையும் சிமெண்ட் திட்டில் வைத்தார். இரண்டு வெள்ளை உள்துணிகளும் பேன்ட்டின் இரு பக்கமும் நாக்குபோலத் தொங்கின. "போதுமா? இல்ல, பேன்ட்ட அவுக்கணுமா?" வின்னி ஓடிவந்து அந்தத் துணிகளை உள்ளே தள்ளிவிட்டாள். "கிளாரன்ஸ் அண்ணா, எத்தினி வருஷமா நீங்க சோறு தின்ன வீடு எங்களுது" என்றாள். பிறகு எலைனைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பதுபோல.

எலைன் தன் செருப்பைப் பார்த்தாள். இடது செருப்பின் வார் பிய்ந்திருந்தது. அதை மட்டுமே பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து ஃப்ரெடியின் மகள் லவினா வந்தாள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். கையில் சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே புதுக் கத்தி, சிவப்புப் பிடி, பளபளவென்று. "அப்பா வாங்கினு வரச் சொன்னாரு மாமா. உங்களுக்கு கத்தி இல்லாம கையே ஓடாதாம்" என்றாள்.

கிளாரன்ஸ் பெட்டியைத் தொடவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போன பிறகு எலைனிடம் சொன்னார்: "பாத்தியா? தப்பு பண்ணாதவன் எதுக்குடி வாங்கி அனுப்புவான்?"

அன்று ராத்திரி எலைன் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். இப்போது சொன்னால் ஊருக்கு முன் நண்பனைத் திருடனாக்கியது புருஷன் அல்ல, அவள்தான் என்றாகிவிடும். அவர் நெஞ்சு தாங்காது என்று சொல்லிக்கொண்டாள். தன்னுடையது தாங்காது என்பதுதான் நிஜம்.

நவம்பரில் மகளுக்குப் பிரசவம். எலைன் பத்து நாள் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தாள். திரும்பியபோது கிளாரன்ஸ் அமைதியாக இருந்தார். கத்தியைப் பற்றிப் பேசவேயில்லை. ஜோப்பில் கைவிட்டுத் துழாவுவதும் நின்றிருந்தது. மறந்துவிட்டார் என்று அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் ஐந்து மணி ஆனால் மட்டும் வாசல் பக்கம் அவர் கண் போகும். அவள் மூன்றாவது டம்ளரை எடுத்துவிட்டு, திரும்ப வைப்பாள். கோயிலில் ஃப்ரெடியும் வின்னியும் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பூசை முடியும் முன்பே எழுந்து போய்விடுவார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் யாரோ மணிபர்சைத் தேடியபோது, நாலு பேர் அனிச்சையாக ஃப்ரெடியைத் திரும்பிப் பார்த்ததை எலைன் கவனித்தாள்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலை ஃப்ரெடி பாத்ரூமில் விழுந்து இறந்துபோனார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மரியகுழந்தை வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். கிளாரன்ஸ் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எலைன் தையல் மெஷின் அருகே போனாள். கத்தியை வின்னியின் கையில் கொடுத்து, காலில் விழுந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கீழ் இழுப்பறையை இழுத்தாள். அதே ரவிக்கைத் துணி, அதே முடிச்சு. பிரித்து, பெரிய அலகை நகத்தால் நெம்பினாள். பழச்சாறு காய்ந்து இறுகியிருக்கும் என்று பலமாக இழுத்தாள். அது சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு திறந்தது. அலகு புதிதாகச் சாணை பிடித்ததுபோல மின்னியது. மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

நிமிர்ந்தபோது கிளாரன்ஸ் கதவருகே நின்றிருந்தார். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்போ பாத்தீங்க?"

"நீ பெங்களூர் போயிருந்தப்போ. பட்டன் அறுந்துபோச்சி, ஊசி தேடினேன்."

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா எடுத்துத் தொடச்சி, எண்ணெ போட்டு, திரும்ப வெச்சிகினு இருந்தீங்களா? சொல்லியிருக்கக் கூடாதா? அவரு வூட்டத் தாண்டித்தான தெனம் பால் வாங்கப் போனீங்க?"

"போய் இன்னான்னு சொல்லச் சொல்ற? அத்தினி பேர் எதுர்ல ஜோப்ப வெளிய இழுத்துக் காட்டினான். எம் பொண்டாட்டி ஒளிச்சி வெச்சான்னா?"

"உங்களுக்கு ரத்தம்..."

"அத நான் கேக்கல." கடைசிப் பொத்தானைப் போட்டார். "அவன் ஜோப்ப இழுத்துக் காட்டறப்போ நீ எம் பக்கத்துலதான நின்னுகினு இருந்த?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கிட்டே வந்து, அவள் கையிலிருந்து கத்தியை எடுத்து, மடக்கி, வலது ஜோப்பில் போட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் தினமும் பார்த்த அசைவு.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைய. ஃபேக்டரியில் ஓய்வுபெற்றவர்கள் ஒரு பெரிய மலர் வளையம் அனுப்பியிருந்தார்கள். பாலிதீன் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மரியகுழந்தை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகியிருந்தது. "யார்ட்டயாச்சும் கத்தி கீதா?" என்று நிமிர்ந்து கேட்டார்.

பழக்கத்தில் பத்துத் தலைகளாவது கிளாரன்ஸ் பக்கம் திரும்பின. உடனே, தப்புச் செய்துவிட்டதுபோல, வேறு பக்கம் திரும்பின. எலைனும் பார்த்தாள். அவருடைய வலது கை ஜோப்புக்குள் இருந்தது. துணிக்கு மேலே விரல்கள் மடங்கி எதையோ இறுகப் பிடித்திருப்பது தெரிந்தது. எடுங்க, என்று அவள் மனம் கத்தியது. இப்பவாவது எடுங்க. கை வெளியே வரவில்லை.

குழி வெட்டுகிறவர் வளையத்தை வாங்கி ஒரு கல்மேல் வைத்து, மண்வெட்டியின் விளிம்பால் கயிற்றின்மேல் ஓங்கிக் கொத்தினார். கயிறு மூன்றாவது கொத்தில்தான் அறுந்தது. அதற்குள் நாலைந்து வெள்ளைச் சாமந்திகள் நசுங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டன. லவினா அவற்றைப் பொறுக்கப் போய், முடியாமல் அப்படியே குந்தி அழுதாள்.

ஃபாதர் ஜெபம் முடித்ததும் வரிசையாக மண் போட்டார்கள். கிளாரன்ஸ் இடது கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளிவாசல் பக்கம் நடந்தார். எலைன் மண் போட்டுத் திரும்பியபோது வின்னி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த முற்றத்து ஞாயிற்றுக்குப் பிறகு அவள் எலைனைத் தொடுவது இதுதான் முதல் தடவை. விரல்களெல்லாம் ஈரமண்.

"அவரு எடுக்கல எலைன். நேத்து கூட அதையேதான் சொல்லிகினு இருந்தாரு. நான் எடுக்கல வின்னி, நீயாச்சும் நம்புறியான்னு."

"எனக்குத் தெரியும்" என்றாள் எலைன்.

வின்னி தலையாட்டினாள், துக்க வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஆட்டுவதுபோல. இரண்டு தடவை ஆட்டியவள் நிறுத்தினாள். அழுது வீங்கிய கண்கள் எலைனின் முகத்தில் வந்து நின்றன.

"இன்னா தெரியும்?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. மண் கூடையோடு நின்றவர், "கொஞ்சம் வழி வுடும்மா" என்றார். வழி கேட்டது இருவர் காதிலும் விழுந்தது. இருவருமே நகரவில்லை.