அந்தக் கேள்வியைக் கேட்டவர்

தம்பி இறந்து ஏழு வாரம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. நாங்கள் எடுத்த படத்தை ஒளிபரப்புவதாகத் தொலைக்காட்சி நிறுவனம் முடிவு செய்திருந்தது. யார் யார் என்னென்ன பொறுப்பில் இருந்தார்கள், அவர்களுடைய தொழில் பின்னணி என்ன என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

இந்த மாதிரிப் பக்கங்களை எப்போதும் தம்பிதான் எழுதுவான். எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட சினிமா படித்தவர் இல்லை. அதை மறைக்க வேண்டாம் என்பது அவன் கட்சி. வேலை பார்த்தவர்கள் எடுத்த படம் என்றே போடுவோம் என்பான்.

எங்கள் இயக்குநரான அவன் காப்பீட்டு நிறுவனத்தில் ஆறு வருடம் விபத்து வண்டிகளை மதிப்பிட்டவன். நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டியவர் சொல்வது நிஜமா கதையா என்று சொல்லிவிடுவான். படத்தொகுப்பு செய்பவர் பதினைந்து வருடம் பெண்களுக்குத் துணி தைத்தவர். எங்களுக்கு அவர் டெய்லர். ஒலிப்பதிவு செய்பவன் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன். அதனால் மீட்டர். யார் வீட்டுக்குள் போனாலும் நாய் அவனைப் பார்த்துக் குரைக்காது. பதிவில் இரைச்சல் விழக் கூடாது என்று முதல் வேலையாக ஃப்ரிட்ஜை நிறுத்துவான். ஒரு வீட்டில் திரும்பப் போட மறந்து வந்து, அவர்களுடைய இரண்டு நாள் பால் கெட்டுப்போனது. அந்தக் கதையைத் தம்பி போகிற இடமெல்லாம் சொல்லி அவன் மானத்தை வாங்குவான்.

கேமரா எக்ஸ்ரேயிடம். பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த பெண். எங்கள் குழுவில் வயதில் சின்னவள்.

நான் தம்பியின் அக்கா. நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பதிவான பேட்டிகளைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை.

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் எக்ஸ்ரேதான். அங்கே வேலை செய்த பெண்களைப் பற்றிப் படம் எடுக்கலாம் என்று முடிவு செய்தவன் தம்பி. அவள் ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு போட்டாள். மொத்தம் பத்தொன்பது நாள் படப்பிடிப்பு. எட்டாவது நாளுக்குப் பிறகு தம்பியால் எழுந்து வர முடியவில்லை. ஊரின் இன்னொரு மூலையில் வேறு மருத்துவமனையில் கிடந்தான். கேமராவோடு கேள்வி கேட்பதும் எக்ஸ்ரேயிடம் வந்தது. நான் பகலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தேன்.

பதின்மூன்றாவது நாள் அவர்கள் பேட்டி எடுத்தது, துணியை இழுத்துத் தேய்க்கும் இஸ்திரி உருளையில் முப்பத்தொரு வருடம் நின்ற ஒரு பெண்மணியை. எது கேட்டாலும் "ஆமா", "இல்ல", "நல்லாத்தான் இருந்துச்சு". அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு எக்ஸ்ரேயின் குரல் கேட்கிறது: "அம்மா, இந்த விரல் எப்ப ஒடஞ்சுது?"

அந்தப் பெண்மணி பேச ஆரம்பித்து ஐம்பது நிமிடம் நிறுத்தவில்லை. உருளை கையை இழுத்தது, அலுவலகத்தில் அதை வீட்டில் நடந்த விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கியது, கட்டுப் போடாமலே எலும்பு கோணலாகக் கூடியது, அவருக்கு முன்னும் பின்னும் இன்னும் நான்கு பேருடைய கை. படத்தின் உயிர் அந்த ஐம்பது நிமிடம்தான். கேள்வி கேட்பவரின் குரலைப் படத்தில் வைப்பது எங்கள் வழக்கமில்லை. டெய்லர் அதை வெட்டிவிட்டார். பார்ப்பவர்களுக்கு அந்த அம்மா தானாகவே பேசத் தொடங்கியதாகத்தான் தெரியும்.

நிறுவனத்தின் கடிதத்தில் அந்தக் காட்சியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். இயக்குநர் விபத்துச் சேதங்களை மதிப்பிட்டவர் என்று அறிகிறோம், அந்த விரலின் கதையை வெளியே கொண்டுவந்த கண் அந்தத் தொழிலில் பழகிய கண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். அவன் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தை மற்ற மூவருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் எக்ஸ்ரே வந்தாள். சமையலறையில் நின்றபடியே பேசினாள். அடுத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க அவளுக்கு ஆசை. புதிய இயக்குநர்களுக்குப் பண உதவி செய்யும் அமைப்பு ஒன்று இருந்தது. ஒளிபரப்பான படம் ஒன்றிலாவது இயக்குநராகப் பெயர் இருந்தால்தான் அவர்கள் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். அவள் விடுப்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது. எக்ஸ்ரே அறை மோசமான வேலை இல்லை, ஆனால் ஒருமுறை திரும்பிப் போய்விட்டால் இன்னொரு விடுப்பு தரமாட்டார்கள் என்றாள். இயக்குநர் என்ற இடத்தில் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரும் வர வேண்டும் என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. யோசனை அவனுடையது, ஆட்களைச் சேர்த்தது அவன், என்ன கேட்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்தது அவன் என்று அடுக்கினேன்.

"ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டதுக்கு இயக்குநர்னு போட முடியுமாம்மா?"

"ஒரு நாள் இல்லக்கா. பதினோரு நாள்."

"அது அவனோட கடைசிப் படம்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு, "தெரியும்க்கா. நானும் கூடத்தான இருந்தேன்" என்றாள். காப்பி வேண்டாம் என்று போய்விட்டாள்.

டெய்லரிடம் கேட்டேன். இறந்தவர் பெயரில் கைவைக்கத் தனக்கு மனசு வராது, ஆனால் கேள்வியை வெட்டியது தன் கத்தரிதான் என்பதால் தூக்கமும் வரவில்லை என்றார். மீட்டர் நழுவினான். "சாட்சிக்குக் கூப்பிட்டா வரேன்க்கா. கூப்பிடலன்னா நான் வெறும் ஒலிப்பதிவு" என்றான்.

புதன்கிழமை, பக்கத்தை எழுத உட்கார்ந்து, நான் தட்டச்சு செய்த தாள்களின் கட்டை எடுத்துப் புரட்டினேன். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கேள்விக்கு 'கே', பதிலுக்கு 'ப' என்று மட்டும் இருந்தது. நீதிமன்றத்தில் நான் அப்படிச் செய்திருக்கவே மாட்டேன். கேட்பது எந்தத் தரப்பு என்று தலைப்பில் இல்லாத தாளை நீதிபதி தொடமாட்டார். தம்பியின் படங்களில் கேட்பது ஒரே ஆள் என்பதால் அதை விட்டுவிட்டேன். ஒன்பதாவது நாளிலிருந்து ஆள் மாறிய பிறகும் போடவில்லை. மறதி இல்லை. அவன் பக்கத்தில் கட்டிலில் படுத்திருக்கும்போது அந்த இடத்தில் இன்னொரு பெயரை அடிக்க என் விரல் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் பேட்டியை அவனுக்கு நான் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். விரல் பற்றிய கேள்வி வந்ததும், "இது என் நோட்டுல இல்லையே. யாரு கேட்டா?" என்றான். சொன்னேன். சிரித்தான், சிரித்தால் அவனுக்கு வலிக்கும்.

"நான் போயிருந்தா எந்திரத்தப் பாத்துட்டு வந்திருப்பேன்க்கா. அவ கையப் பாத்திருக்கா. இனிமே இது எங்க ரெண்டு பேரு படம். அந்தப் பக்கத்துல எழுதணும், வீட்டுக்கு வந்ததும் ஞாபகப்படுத்து."

அவன் வீட்டுக்கு வரவில்லை. அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இருபத்தாறு வருடம் அடுத்தவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதிச் சம்பளம் வாங்கியவள், என் தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தை ஏழு வாரத்துக்கு மேல் விழுங்கி வைத்திருந்தேன்.

மூவரையும் வரச் சொன்னேன். அவன் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னேன். எக்ஸ்ரே எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றாள். பிறகு, "ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் பெயரை யாரோடும் பங்கு போட மனசு வரவில்லை என்றேன்.

வியாழக்கிழமையே பக்கத்தை அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். இயக்குநர் என்று இரண்டு பெயர் வந்திருக்கிறதே, இரண்டாமவரை 'இயக்குநருக்கு உதவி' என்று போட்டுக்கொள்ளலாமா, மறைந்தவருக்கு அதுதான் மரியாதையாக இருக்கும் இல்லையா என்று மென்மையாகக் கேட்டார்.

"இல்லம்மா. கடிதத்துல அந்த விரலக் கவனிச்ச கண்ணப் பாராட்டி எழுதியிருந்தீங்க. அந்த விரலப் பத்திக் கேட்டது என் தம்பி இல்ல. அன்னைக்கு அவன் அங்க இல்லவே இல்ல. ரெண்டு பேரும் இயக்குநர்னே போடுங்க."

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மதியம் எக்ஸ்ரே தன் விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு பிரதி வாங்க வந்தாள். நின்றபடியே படித்தாள். எக்ஸ்ரே பிரிவில் ஏழு வருடம் என்று போட்டிருக்கிறது, எட்டு வருடம்க்கா என்றாள். திருத்தி, புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். இந்த முறை காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள்.