சின்ன வீட்டின் உயரம்

டீச்சரின் கணவருக்குச் சின்ன வீடு ஒன்று உண்டு என்பது தெருவுக்கே தெரியும். பெயர் வைத்தது நாத்தனார். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்ற பழைய ஃபோர் வீல் டிரைவ் லாரிதான் அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. அவர் பொழுதெல்லாம் கழிவதும் அங்கேதான்.

"ஏன் அண்ணி, பெரிய வீட்டுப் பக்கம் அண்ணன் தலை காட்டறாரா?" என்று நாத்தனார் போனில் விசாரிப்பாள்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டுப் போவார்" என்பாள் டீச்சர்.

அவர் லிப்ட் மெக்கானிக். வேலை பார்த்த காலமெல்லாம் மேலும் கீழுமாகவே போய்வந்தவர். முன்னால் போகிற ஆசையை டீச்சர்தான் கிளப்பிவிட்டாள். புவியியல் பாடத்துக்காக வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிற உப்புப் பாலைவனத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். அங்கே பஸ் போகாது என்றும் சொன்னாள்.

"அதுக்கென்ன, வண்டி கட்டிடலாம்" என்றார் அவர்.

கட்டிக்கொண்டே இருந்தார். அவளுடைய முதல் நீண்ட விடுமுறை, துருப்பிடித்த சேஸிஸைச் சுரண்டுவதில் போயிற்று. அடுத்த விடுமுறையில், ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமலிருக்க யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை முகப்பில் ஏற்றினார்கள்.

"நாம போற வழியில பாலமில்லாத ஆறே கிடையாதுங்க."

"வந்துட்டா?"

புவியியல் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் அப்படித்தான். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்பவனை லிப்ட் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய வேதம். வீட்டிலும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இந்த முறை தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே விடுமுறைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். "இதுதான் டீச்சர் கடைசி. இனிமே கேட்டுடாதீங்க." டீச்சரின் முழங்காலும் கிட்டத்தட்ட அதையே சொல்லிக்கொண்டிருந்தது. லாரியின் கூரைமேல் மடித்து வைத்திருந்த கூடாரத்துக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். இப்போது போகாவிட்டால் பாலைவனம் கரும்பலகையோடு சரி.

புறப்படும் நாளன்று வழியனுப்ப ஆட்கள் திரண்டுவிட்டார்கள். மகள், மருமகன், நாத்தனாரும் அவள் குடும்பமும், எதிர்வீட்டுத் தையல்காரர். "இது நகர்ந்தா நான் என் பேரையே மாத்திக்கறேன்" என்று நாத்தனார் அறிவித்தாள்.

சாவி திருகியதும் எஞ்சின் ஒரே முயற்சியில் பிடித்துக்கொண்டது. லாரி நகர்ந்தது. அடுத்த நொடி தலைக்குமேல் 'ணங்' என்று சத்தம்.

கூடாரம் கொட்டகை வாசலின் மேல்விட்டத்தில் இடித்து நின்றது. உள்ளே வரும்போது சாதுவாக வந்த லாரிதான். வந்த பிறகு உயரமான ஸ்பிரிங் போட்டார், பெரிய டயர் மாட்டினார், கூரைக்கு இரும்புச் சட்டம் வைத்தார், அதன்மேல் கூடாரம் ஏற்றினார். ஊரிலுள்ள லிப்ட் கதவுகளையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவர், சொந்த வாசலை அளக்க மறந்துபோனார்.

"கூடாரத்தைக் கழட்டிடுங்கப்பா" என்றாள் மகள்.

"போல்ட் போட்டா ரோட்ல லூசாயிடும்னு வெல்டிங் அடிச்சுட்டேன்மா."

டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு விரல் இடித்தது. அவர் எஞ்சினை அணைத்தார். "சட்டத்தை அறுத்துத் திரும்ப வைக்கணும். அடுத்த மாசம் தெம்பா கிளம்பிடலாம்." சொன்ன குரலில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்ததை டீச்சர் கவனித்தாள். போக அவருக்கும் ஆசைதான். போய்விட்டால் கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காதே!

அவள் அவரைப் பார்க்கவில்லை. நாத்தனாரைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாரும் பின்னாடி ஏறி உக்காருங்க. பாரம் ஏறினா ஸ்பிரிங் அமுங்கும்."

"அதுக்கு என்னை ஏன் அண்ணி முறைக்கறே?"

"நீதானே நம்ம குடும்பத்துக்கே பலம்."

திட்டிக்கொண்டே நாத்தனார் ஏறினாள். லாரி பெருமூச்சுவிட்டு அமுங்கியது. பின்னாலேயே அவள் குடும்பம், மகள், மருமகன் என்று ஏறிக் கட்டில்மேலும் ஃப்ரிட்ஜ்மேலும் அடைந்துகொண்டார்கள். தையல்காரர் விட்டத்தடியில் நின்று கையாட்ட, லாரி மயிரிழையில் நுழைந்து தெருவுக்கு வந்தது. எல்லாரும் கைதட்டிவிட்டு இறங்கினார்கள். டயர்களுக்குக் காற்றும் அடித்தார்கள். படுத்திருந்த ஒட்டகம் எழுந்ததுபோல லாரி மெல்ல நிமிர்ந்தது.

அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "வர்றப்போ பின்னாடி ஏதோ கடகடன்னு கேட்டுச்சு. எதுக்கும் உள்ளே விட்டு ஒரு பார்வை..."

"அது நான் சிரிச்ச சத்தம்" என்றாள் நாத்தனார்.

"இல்லம்மா, நிஜமாவே. காத்தை இறக்கிட்டு எல்லாரும் ஒரு தடவை ஏறினீங்கன்னா உள்ளே கொண்டுபோயிடலாம்."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இருவரும் ஒரு கட்சியில் சேர்ந்தது சரித்திரத்திலேயே அன்றுதான். நாத்தனார் கொட்டகை வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னை ஒரு தடவைதான் எடைக்கல்லா வெக்க முடியும். இவங்க யாரும் ஏறமாட்டாங்க. ஏறித்தான் பாக்கட்டுமே!"

ஒருவரும் ஏறவில்லை. அவர் வாசலின் உயரத்தைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். புறப்பட்ட தளத்துக்குத் திரும்பாத லிப்ட்டை அவர் இதுவரை கண்டதில்லை. டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஏறினார். "எந்தப் பக்கம் திரும்பணும்?"

"இடது பக்கம். இத்தனை வருஷமா வரைஞ்சுட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

லாரி நகர்ந்தது. "அண்ணா, திரும்பி வந்தா இதை எங்கே நிறுத்துவே?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள்.

அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அப்புறம் பாத்துக்கலாம்!"